வழியனுப்பு வேன்: வெளிநாட்டுப் படிப்பை அளக்க ஓர் அலகு

வணிக நிர்வாகம் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வியை முன்னோர்கள் தரவரிசை, கட்டணம், வேலைவாய்ப்பு என்று பிரித்து ஆராய்ந்தார்கள். பினாங்கின் கெலுகோரில் எந்தக் குடும்பமும் அப்படி முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. இங்கே கேள்வி ஒன்றுதான்: அது வெளிநாடா, இல்லையா? 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு இன்னும் ஒழுங்கான வரையறை இல்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

கடல் தாண்டினால் வெளிநாடு என்பது பழைய கொள்கை. அது மிரியில் உடைகிறது. பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழகம் 1999இல் சரவாக்கின் மிரியில் கிளை திறந்தது. அங்கே போகும் பிள்ளை விமானத்தில் தென்சீனக் கடலைத் தாண்டி, இறங்கிய இடத்தில் குடிநுழைவு முகப்பிலும் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்து வெளியே வந்தால் அதே மலேசியா, அதே வெள்ளி.

பட்டம் எங்கிருந்து வருகிறதோ அதுவே வெளிநாடு என்பது இரண்டாம் கொள்கை. அப்படியானால் 1998இல் மலேசியாவுக்கு வந்த மோனாஷ் பல்கலைக்கழகம் முழு ஆஸ்திரேலியா. ஆனால் சன்வேயில் இருக்கும் அந்த வளாகத்துக்குப் போகிற பிள்ளையை அப்பா சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தில், காரின் இஞ்சினைக்கூட அணைக்காமல், இறக்கிவிட்டுப் போகிறார்.

பெயரை வைத்து அளந்தாலும் தேறாது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.எம்.) 1969இல் தொடங்கி, 1971 முதல் எங்கள் ஊரின் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமான மிண்டனில் இருக்கிறது. 1759இல் போர் நடந்த ஜெர்மன் ஊரின் பெயர் அது. ஜெர்மனிக்கு நடந்தே போகிற வசதி வேறு யாருக்கு வாய்க்கும்? ஆனாலும் "மக எங்க படிக்குது?" என்று கேட்டால், "இங்கதான், யூ.எஸ்.எம்." என்ற பதிலில் அந்த 'இங்கதான்' மட்டும் சற்றுத் தணிந்தே வரும். 2008இல் அரசாங்கம் ஏபெக்ஸ் என்ற சிறப்புத் தகுதி கொடுத்தும் குரல் ஏறவில்லை.

எனவே நான் முன்வைக்கும் அலகு: வழியனுப்பு வேன். விமான நிலையத்துக்கு உறவினர்களை ஏற்றி வரும் வேன்களின் எண்ணிக்கையே ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத்தன்மை. சன்வே பூஜ்யம். பெர்த் ஒன்று. மிரி அரை வேன்: பெரியம்மா வருவார், பலகாரப் பொட்டலம் வராது.

இந்த அளவுகோலைக் குலைத்தவன் ஒரு திருச்சித் தம்பி. மிண்டனில் நிர்வாகவியல் படிக்கிறான். மாமாக் கடையில் பழக்கம். "எத்தனை வேன்பா?" என்றேன். "ரெண்டு வேன் அண்ணே. குலதெய்வக் கோயில் விபூதியோட வந்தாங்க." ஒரே வளாகம், ஒரே வகுப்பு, எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பூஜ்யம், இவனுக்கு இரண்டு! தினமும் மாலை நாங்கள் நெரிசலில் சபிக்கும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்புகிறான். வேன் கணக்குப்படி எங்கள் கெலுகோர் பெர்த்தை முந்திவிட்டது. இதை மாநகர் மன்றத்துக்குத் தெரியப்படுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூட்டல் கணக்கு இன்னும் பாக்கி. 1998இல் வெள்ளியை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட நெருக்கடிக் காலத்தில் பரவியது '3+0': மூன்றாண்டும் உள்ளூரில், பட்டம் மட்டும் அயல்நாட்டிலிருந்து. அதற்கும் முந்தையது '2+1'. ஈராண்டு இங்கே, கடைசி ஆண்டு அங்கே.

அக்கா மகள் கல்விக் கண்காட்சியில் தாம்பூலப் பை போல ஏழு பைகளை வாங்கி வந்து, ஒரு மாதம் சாப்பாட்டு மேசையை அடைத்து, கடைசியில் '2+1' என்றாள். பென்சிலும் தாளுமாக அதை என் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, வேன்காரன்கிட்ட ரெண்டு வருஷம் கழிச்சு சொன்னா போதுமா?"