தொட்டி நிறைதலும் அதனை அறிதலும்: போடிநாயக்கனூர் மொட்டைமாடிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மோட்டாரைப் போட்டவர் அதை அமர்த்த மறத்தல் என்னும் நிகழ்வு போடிநாயக்கனூரில் காலை வேளைதோறும் காணப்படுவதாலும், அதனால் மாடித் தொட்டி நிரம்பிச் சந்து நனைவதாலும், வீட்டிலேயே உணரி செய்துகொள்வோரின் முயற்சி ஆய்வுக்குரியதாகிறது. உணரி என்பது நீர், வெப்பம், ஒளி முதலியவற்றின் மாற்றத்தை மின்குறிப்பாக்கித் தரும் கருவி. ஏலமலைச் சரிவில் இதற்குத் தேவை எழுவதில்லை. ஓடையிலிருந்து ஓஸ் வழியே தானாக இறங்கும் நீர், தொட்டியைத் தாண்டினால் கீழுள்ள ஏலச்செடிக்குப் போகிறது. சரிவில் வழிவது பாசனம். ஊரில் வழிவது வழக்கு.

உணரிகளுள் எளியது இருகம்பி முறை. தொட்டியின் வாயருகே தொங்கும் இரு செப்புக் கம்பிகளையும் நீர் தொட்டதும் சிறு மின்னோட்டம் பாய, அதை ஈஎஸ்பி8266 என்னும் வைஃபை சில்லு கண்டறிந்து, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை வெட்டும் சுவிட்சாகிய ரிலேயைத் தட்டி மோட்டாரை நிறுத்துகிறது. ஆனால் நனைந்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் ஒரே திசையில் பாய்வதால், நேர்முனைக் கம்பி மின்னாற்பகுப்பில் கரைந்து, பச்சை பூத்து, ஒருநாள் அறுந்துவிடுகிறது. அறுந்த கம்பி தொட்டி காலியென்றே சாதிக்கும். மோட்டாரும் அதை நம்பும். துருப்பிடிக்காத எஃகுத் தண்டும், அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் விடுவதும் இதற்கு மருந்து.

மீயொலி உணரி, அதாவது காதுக்கு எட்டாத ஒலியை நீர்ப்பரப்பில் மோதவிட்டு எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரம் கணிப்பது, நீரைத் தொடுவதே இல்லை. ஒரு மீட்டர் கீழுள்ள நீரிலிருந்து எதிரொலி ஆறு மில்லிநொடிக்குள் மேலே வந்துவிடும். எனினும் மூடியின் அடியில் வியர்க்கும் துளிகள் உணரியின் வாயை அடைத்துவிடுகின்றன.

அருகே பொட்டிப்புரத்தில், மலையையே ஊடுருவும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை அறிய 50,000 டன் இரும்பில் உணரி அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, எதிர்ப்பினால் பணி நின்றதும் இங்கு கருதத்தக்கது. எதன்மீதும் எளிதில் படாத துகளுக்கு அத்தனை இரும்பு. தொட்டதையெல்லாம் நனைக்கும் நீருக்கோ எதிர்மாடி அத்தை போதும்.

"ஏத்தா, தண்ணி போகுது, மோட்டார அமத்து!" என்னும் இவ்வறிவிப்புக்கு வைஃபை வேண்டா, துருவும் ஏறாது. ஆனால் இரு வீட்டுக்கும் பேச்சு நின்ற மாதங்களில் தெருவே நனைந்தாலும் இவ்வுணரி வாய் திறப்பதில்லை. செப்புக் கம்பி வாங்கும் படலம் பெரும்பாலும் அம்மாதங்களிலேயே தொடங்குகிறது.