ஐந்து லட்சம் முதலாளிகளும் ஒரு வாத்தியாரும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். மக்கள்தொகை லட்சத்தைச் சற்றே தாண்டும். அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பேக்கர்ஸுக்கோ ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதலாளிகள். அது ஆடும் லீகில் மற்ற அணிகளெல்லாம் பெரும் பணக்காரர்களின் கையில் இருக்க, இந்த ஒன்றை மட்டும் ரசிகர்களே பங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். 2021-இல் ஒரு பங்கு 300 டாலருக்குப் போனது. அதற்கு டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறாது. வேண்டாமென்றால் வெளியே விற்கவும் முடியாது. முதலாளி என்பதற்காக மைதானத்தில் ஒரு நாற்காலி தருவார்களா என்றால் அதுவும் இல்லை. சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலே லட்சத்தைத் தாண்டி நீள்கிறது. இத்தனையும் தெரிந்தே பணம் கட்டியவர்கள், கட்டிய பணத்துக்கு ஈடாக ஒரே ஓர் உரிமையை எடுத்துக்கொள்கிறார்கள். யாரைப் பயிற்சியாளராகப் போட்டால் அணி உருப்படும் என்று சொல்லும் உரிமை. பங்குப் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அதனால் என்ன, பங்கு வாங்காதவர்களும் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததில்லை.

பயிற்சியாளர்களிலும் அதிகச் சூட்டைக் கிளப்புபவர் குவார்ட்டர்பேக்கின் பயிற்சியாளர். குவார்ட்டர்பேக் என்பவர் அணியின் மூளை. பந்து கைக்கு வந்த இரண்டரை மூன்று விநாடிக்குள், எதிரே சிதறி ஓடும் தன் ஆட்களில் யாருக்கு எறிவது என்று முடிவு கட்டி எறிந்துவிட வேண்டும். தாமதித்தால் நூற்றிருபது கிலோ எடையுள்ள யாராவது ஒருவர் வந்து மேலே விழுவார். இந்த மூளைக்குப் பாடம் சொல்ல ஒரு தனி வாத்தியார். பின்வைக்கும் அடி மூன்றா, ஐந்தா, ஏழா, எறியும்போது முன்கால் எங்கே ஊன்ற வேண்டும், எதிரணித் தடுப்பாளர் ஓரடி இடப்பக்கம் நகர்ந்து நின்றால் அது தந்திரமா சோம்பலா என்பதெல்லாம் அவர் இலாகா. வாரம் முழுக்க மூடிய அறையில் வீடியோ ஓட்டுவார். ஆட்டத்தன்று ஓரமாக நின்று டேப்லெட்டில் படம் காட்டுவார். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. அதில் ஒலிக்கும் குரலும் பெரும்பாலும் இவருடையதல்ல; தலைமைப் பயிற்சியாளரோ தாக்குதல் ஒருங்கிணைப்பாளரோ பேசுவார்கள். ஆக, வாத்தியார் நடத்தும் பாடத்தை யாரும் பார்த்ததில்லை, அவர் குரலை யாரும் கேட்டதில்லை. அவரை மாற்றலாமா கூடாதா என்பதில் மட்டும் எல்லோருக்கும் திட்டவட்டமான கருத்து இருக்கிறது. இந்த விவாதத்துக்கு ஓர் அபூர்வ குணம் உண்டு என்பது என் கட்சி: இதில் யாரும் தோற்பதே இல்லை. ஆதாரம் பற்றாமல் அல்ல. எந்தக் கட்சி கேட்டாலும் அதற்கு வேண்டிய ஆதாரத்தை ஆட்டமே தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடுகிறது.

2018 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். பேக்கர்ஸ் நிர்வாகம் அலெக்ஸ் வான் பெல்ட்டைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை. நான்கு சீசன் ஆரன் ராட்ஜர்ஸுக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். ராட்ஜர்ஸ் அப்போதே இரண்டு முறை லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர். தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் வாத்தியாரை அனுப்பிவிட்டார்கள் என்று அவர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். உடனே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பையனுக்குப் பிடித்த வாத்தியாரை மாற்றுவது படிப்பைக் கெடுக்கும் என்பது ஒரு கட்சி. பையன் வாத்தியாரைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் பள்ளிக்கூடம் என்னத்துக்கு என்பது மற்றொரு கட்சி. புதிதாக ஃபிராங்க் சிக்னெட்டி வந்தார். அந்த ஆண்டு அணி ஆறில் வென்று, ஒன்பதில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தியைச் சீசன் முடியும்வரைகூட விட்டுவைக்கவில்லை. டிசம்பரிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் கட்சி மீசையை முறுக்கிக்கொண்டது. ஆனால் அதே ஆண்டில் ராட்ஜர்ஸ் எறிந்த பந்துகளில் எதிரணி பிடித்துக்கொண்டவை எத்தனை? சீசன் முழுவதற்கும் இரண்டு. நடுவில் 402 பந்துகளைத் தொடர்ச்சியாக ஒன்றுகூடப் பறிகொடுக்காமல் எறிந்து லீகில் புதிய சாதனையும் வைத்தார். விருது வாங்கிய 2014-இலேயே ஐந்து பறிகொடுத்தவர்தான் இவர். கைக்கட்டுப்பாட்டைக் கற்றுக்கொடுத்ததே புது வாத்தியார்தான் என்று இரண்டாம் கட்சி சொன்னால் யார் மறுக்க முடியும்? பயந்து பயந்து ஆடியதால்தான் பறிகொடுக்கவில்லை, அந்தப் பயத்தை ஏற்றியவரும் அதே வாத்தியார்தான் என்று முதல் கட்சி சொன்னால் அதையும்தான் யார் மறுக்க முடியும்? ஒரே எண், இரண்டு தீர்ப்பு.

ராட்ஜர்ஸின் வாத்தியார் வரிசையை மொத்தமாக வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வைத்துப் பார்ப்போம். 2006 முதல் டாம் கிளெமென்ட்ஸ், 2012-இல் பென் மெக்காடூ, 2014-இல் வான் பெல்ட், 2018-இல் சிக்னெட்டி, 2019-இல் லூக் கெட்சி, 2022-இல் சுற்றி வந்து மறுபடியும் கிளெமென்ட்ஸ். விருது கிடைத்த ஆண்டுகள் 2011, 2014, 2020, 2021. அதாவது கிளெமென்ட்ஸிடம் ஒன்று, வான் பெல்ட்டிடம் ஒன்று, கெட்சியிடம் இரண்டு. நான்கு விருதுக்கு மூன்று வாத்தியார்கள். இதைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, விருது வாங்குகிறவர் எந்த வகுப்பில் உட்கார்ந்தாலும் வாங்குவார் என்பதுதான். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையில் ரசிகர்கள் நம்மைவிட ஒரு படி மேலே. பழத்தை விழவைத்தது எந்தக் காக்கை என்று அவர்களுக்குப் பெயரோடு தெரியும். 2020-இல் ராட்ஜர்ஸ், எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் 48 எறிந்தபோது மரத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. கெட்சியின் பயிற்சி, தலைமைப் பயிற்சியாளர் லஃப்லூரின் ஆட்டத்திட்டம், எறிந்த பந்தைப் பிடிக்க டவான்டே ஆடம்ஸ் என்ற அற்புதமான ரிசீவர். போதாக்குறைக்கு அந்த ஆண்டுதான் ராட்ஜர்ஸின் இடத்துக்கு வாரிசாக ஜோர்டன் லவ் என்ற இளைஞரை நிர்வாகம் புது வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்தது. அந்தக் கோபத்தில்தான் மனிதர் அப்படி எறிந்தார் என்பது பலமான கட்சி. வாரிசைக் காட்டிப் பயமுறுத்துவதும் ஒரு பயிற்சிமுறைதான் என்றால், அதற்கு வாத்தியார் பொது மேலாளர்!

இரண்டு விருதுக்குப் பக்கத்தில் நின்ற கெட்சியை 2022-இல் சிகாகோ பேர்ஸ் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக அழைத்துக்கொண்டது. அந்த ஆண்டு அந்த அணி பந்தை எறிந்து எடுத்த யார்டுகளில் லீகின் கடைசி இடம். இரண்டு சீசனில் வேலை போயிற்று. 2024-இல் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அழைத்தது. அங்கே சீசன் பாதியிலேயே போயிற்று, கூடவே அந்த அணியின் குவார்ட்டர்பேக் பயிற்சியாளருக்கும் போயிற்று. கெட்சி திடீரென்று மக்காகிவிட்டாரா? அப்படி இருக்காது. எதிரே ராட்ஜர்ஸ் இல்லை, அவ்வளவே. ஆனால் கவனியுங்கள், அவரை வேலைக்கு எடுத்தவர்கள் ரசிகர்களல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமும் இதையே யோசிக்கும் நிபுணர்கள். அவர்கள் போட்ட கணக்கும் ரசிகர் போடும் கணக்குத்தான்: விருது இங்கே, பக்கத்தில் ஆள் இங்கே, ஆளை எடுத்தால் விருது தானாக வரும்.

கிளெமென்ட்ஸின் மறுவரவு இதைவிட ருசியானது. ஓய்வில் இருந்தவரை எழுபதை நெருங்கும் வயதில் 2022-இல் திரும்ப அழைத்தார்கள். ராட்ஜர்ஸை மகிழ்விக்கத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பழைய வாத்தியார், பழைய மாணவன், பழைய பொற்காலம் என்று ஆதரவுக் கட்சி உருகியது. அந்த ஆண்டு ராட்ஜர்ஸ் 12 பந்துகளை எதிரணியிடம் கொடுத்தார். அணி பிளே ஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுக்குள்ளேயே போகவில்லை. கட்டைவிரல் முறிந்திருந்தது, ஆடம்ஸை வேறு அணிக்கு அனுப்பியிருந்தார்கள் என்று காரணம் சொன்னார்கள். நியாயமான காரணங்கள்தான், ஆனால் வாத்தியாரைக் காப்பாற்ற மட்டுமே நினைவுக்கு வருகிற நியாயங்கள். அடுத்த ஆண்டு ராட்ஜர்ஸ் நியூயார்க்குக்குப் போய்விட, யாருக்காக வந்தாரோ அவர் இல்லாத வீட்டில் கிளெமென்ட்ஸ் மட்டும் மிஞ்சினார். லவ் முதன்முறையாக முழுநேரக் குவார்ட்டர்பேக் ஆனார். முதல் ஒன்பது ஆட்டத்தில் ஆறு தோல்வி. கிழவருக்குக் காலம் போய்விட்டது என்று முடிவு கட்டக் கச்சிதமான தருணம். அங்கிருந்து லவ் எழுந்தார். 32 டச்டவுனோடு சீசனை முடித்து, டாலஸுக்கே போய் கௌபாய்ஸை 48-32 என்று அடித்துவிட்டு வந்தார். கிளெமென்ட்ஸ் பாடத்தை நவம்பரில் மாற்றினாரா, அல்லது செப்டம்பரில் சொன்ன பாடம் நவம்பரில்தான் பையனுக்குப் புரிந்ததா? மூடிய அறைக்குள் இருந்த இருவருக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். வெளியே இருந்தவர்களுக்கு இரண்டில் எது பிடிக்கிறதோ அதுவே உண்மை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும், வரவேண்டும். பஃபலோ பில்ஸின் ஜாஷ் ஆலன். 2018-இல் வந்தபோது அவர் எறிந்ததில் 52.8 சதவீதம்தான் சொந்த ஆட்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2019-இல் கென் டோர்சி வாத்தியாராக வந்தார், 58.8. அடுத்த ஆண்டு 69.2. குறி தவறாமல் எறிவதைக் கற்றுக்கொடுக்கவே முடியாது என்று பண்டிதர்கள் சொல்லிக்கொண்டிருந்த துறையில் இது கண்கூடான பாடம் இல்லையா? பாடம்தான். ஆலனின் காலும் இடுப்பும் திருத்தப்பட்டன என்பதில் எனக்கு வழக்கே இல்லை. யார் திருத்தினார்கள் என்பதில்தான் வழக்கு. ஓய்வுக் காலத்தில் கலிஃபோர்னியாவில் ஜோர்டன் பால்மர் என்ற தனிப் பயிற்சியாளரிடம் அவர் போய்வந்தார். ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் பிரையன் டேபால். 2019-இல் இரண்டு நல்ல ரிசீவர்கள் புதிதாக வந்தார்கள். 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து 127 பந்துகளைப் பிடித்து லீகிலேயே முதலிடம் பெற்றார். 69.2-இல் டோர்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் தராசு யாரிடமும் இல்லை. பஃபலோ நிர்வாகம் அது தன்னிடம் இருப்பதாக எண்ணி 2022-இல் அவரைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது. மியாமியில் ஓர் ஆட்டத்தை இரண்டு புள்ளியில் தோற்றபோது கண்ணாடி அறைக்குள் அவர் டேப்லெட்டையும் காகிதத்தையும் விளாசித் தள்ளியதைக் கேமரா பிடித்துவிட்டது. இத்துறையில் ஒரு பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதை ரசிகர்கள் கண்ணாரக் கண்ட அபூர்வ சந்தர்ப்பம் அது. 2023 நவம்பரில், ஐந்து வெற்றி ஐந்து தோல்வி என்று நின்றபோது அவரை நீக்கினார்கள். மிச்சமிருந்த ஏழில் அணி ஆறை வென்றது. வாத்தியாரை மாற்றினால் விடியும் என்ற கட்சிக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய விருந்து.

அந்த டோர்சியை உடனே எடுத்துக்கொண்ட அணி கிளீவ்லாந்து பிரவுன்ஸ். யாருடைய நாற்காலிக்கு என்று நினைக்கிறீர்கள்? நம் வான் பெல்ட்டின் நாற்காலிக்கு. கிரீன் பேயிலிருந்து போனவர் சின்சினாட்டி வழியாக அங்கே ஒருங்கிணைப்பாளராகியிருந்தார். 2021 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் கொரோனாவில் வீட்டில் முடங்கியபோது, பிளே ஆஃப் ஆட்டத்தில் தாக்குதலை இவரே நடத்த, அணி பிட்ஸ்பர்க்கை 48-37 என்று வென்றது. இருந்தும் 2023 சீசனில் 11 வெற்றியோடு பிளே ஆஃபுக்குப் போய்த் திரும்பிய கையோடு அவரை அனுப்பிவிட்டு டோர்சியைக் கொண்டுவந்தார்கள். அடுத்த சீசன்: மூன்று வெற்றி, 14 தோல்வி. டோர்சியும் வெளியே. ஆளை மாற்றினால் ஆறு வெற்றி என்ற பஃபலோ விதியும், ஆளை மாற்றினால் 14 தோல்வி என்ற கிளீவ்லாந்து விதியும் ஒரே மனிதரை வைத்து நிரூபணமாகியிருக்கின்றன.

அப்படியானால் அந்தப் பதவியே வீணா என்று கேட்டால், இல்லவே இல்லை. பிரச்சினை, அந்தப் பதவி தனியாக மாறுவதே அரிது என்பதுதான். வாத்தியார் மாறும்போது பெரும்பாலும் தலைமையும் மாறும், திட்டம் மாறும், ரிசீவர் மாறுவார், முழங்காலோ கட்டைவிரலோ உடையும். 2018-இல் வாத்தியார் மாறியபோது மெக்கார்த்தி நீடித்தாரே, அது சுத்தமான பரிசோதனைதானே என்றால், அந்த ஜனவரியிலேயே தாக்குதல், தடுப்பு இரண்டு ஒருங்கிணைப்பாளர்களையும் சேர்த்தே மாற்றியிருந்தார்கள். அதற்கு முந்தைய சீசனிலோ காறையெலும்பு முறிந்து ராட்ஜர்ஸ் ஆடியதே ஏழு ஆட்டம். இதில் எதை எதோடு ஒப்பிடுவது? இன்னொரு மறுப்பும் உண்டு: ரசிகர்கள் பொழுதுபோக்குக்குப் பேசுகிறார்கள், அதில் தர்க்கம் தேடுவது உம்முடைய கோளாறு என்று. ஒப்புக்கொண்டிருப்பேன், பொழுதுபோக்குக்குப் பேசாதவர்களும் அதே தர்க்கத்தில் ஆளை எடுத்து ஆளைத் துரத்தாமல் இருந்தால். சிகாகோவும் கிளீவ்லாந்தும் அதற்குச் சம்பளம் கொடுத்தன. ரசிகன் குறைந்தபட்சம் இலவசமாகத் தவறு செய்கிறான். கிரீன் பேயில் 300 டாலர் கொடுத்துத் தவறு செய்கிறான்.

கிளெமென்ட்ஸ் 2024 சீசனோடு ஓய்வு பெற்றார். 2025-இல் அந்த வகுப்புக்கு வந்தவர் ஷான் மேனியன், லவ்வைவிடச் சில வயதே மூத்தவர். லீகில் ஏறக்குறைய முழுக்காலமும் மாற்று வீரராக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர். தொடக்க வீரராக இறங்கியது மூன்றே ஆட்டம், மூன்றிலும் தோல்வி. மூன்று ஆட்டம் ஆடியவர் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பார் என்று ஒரு கட்சி. அத்தனை ஆண்டு உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியாதது என்ன இருக்கும் என்று மறு கட்சி. அந்த முறை முதலாளிகளிடம் ஒரு கூடுதல் வசதியும் இருந்தது. மேனியனின் மூன்றாவது தோல்வி 2022 ஜனவரியில், மினசோட்டாவுக்காக, கிரீன் பேயின் லாம்போ மைதானத்திலேயே நடந்தது. பேக்கர்ஸ் 37, மினசோட்டா 10. புது வாத்தியாரின் தகுதியை ஜனவரிக் குளிரில் நேரிலேயே பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள எண்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானம் அது. சொல்லிக்கொண்டவர்கள் அதைவிட நிச்சயம் அதிகம் இருந்திருப்பார்கள்.