அடுப்புக் கம்பெனியாருக்கு ஓர் அட்டைப் பொட்டு

மகா கனம் பொருந்திய மின் அடுப்புக் கம்பெனி நிர்வாகஸ்தர்களின் சமூகத்திற்கு, தங்கள் இண்டக்‌ஷன் அடுப்பை ரொக்கம் கொடுத்து வாங்கிய ஒரு குடும்பஸ்தன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விக்ஞாபனம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் அடுப்பும் பரம க்ஷேமம். நேற்றுவரை பத்து நாளாய் அதை யாரும் தொடவில்லை.

எங்கள் அடுப்படியில் பிறவியிலேயே பார்வையில்லாத என் தமக்கையும், மூக்குக் கண்ணாடியின்றி எதிரே நிற்பவரையும் அறியாத என் மனைவியும், ஒருவர் நறுக்க மற்றவர் தாளிக்க, வெகு காலமாய்ச் சேர்ந்து சமைத்துவருகிறார்கள். யோசித்தால் நம்முடைய பாகசாஸ்திரம் கண்ணை மட்டும் நம்பிப் பிறந்ததன்று. கடுகு வெடித்ததைக் காது சொல்லும். வெண்ணெய் உருகி நெய்யானதை மூக்கு சொல்லும். அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதமாயிற்றா என்பதைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் விரல் சொல்லும். குக்கரின் விசிலையோ கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் நானே எண்ணிச் சொல்வேன்.

சிலிண்டரில் வரும் எரிவாயுவையே பாருங்கள். இயற்கையில் மணமே இல்லாத அதில், கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் துர்க்கந்தத்தைக் கலக்கிறார்கள். வாயுவின் முன்னே கண்ணுள்ளவனும் பார்வையற்றவனே என்று உணர்ந்த விவேகம் அது. அந்த நாற்றத்தில் இருக்கும் தயை தங்கள் பளிங்குப் பலகையில் இல்லையே என்பதுதான் என் விசாரம்.

மேடு பள்ளம் ஏதுமின்றி, ஞானியின் மனம்போல் நிர்மலமாக விளங்கும் அப்பலகையில், பொத்தான் எங்கே என்று விரலால் தேடினால் தேடுவதே அழுத்துவதாகிவிடுகிறது. ஏற்றினாலும் 'கீ', இறக்கினாலும் 'கீ', அணைத்தாலும் அதே 'கீ' என்று சுகதுக்கங்களைச் சமமாகப் பாவிக்கும் அதன் வைராக்கியத்தைத் தரிசித்த என் தமக்கை, "தம்பி, இது அடுப்பில்லை, சந்நியாசி" என்றாள்.

கடைக்காரரிடம் முறையிட்டேன். "கண் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதுமே, சார்" என்றார். அந்த ஒருவரைப் பெட்டியில் வைத்து அனுப்பத் தாங்கள் மறந்துவிட்டீர்கள் போலும். தேடிப் பார்த்தோம், தெர்மோகோல்தான் இருந்தது.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 43ஆம் பிரிவு, எல்லோருக்கும் பயன்படும்படி வடிவமைத்த நுகர்பொருள்கள் உண்டாகிப் பரவ அரசாங்கம் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. அரசாங்கத்தைத்தானே சொல்கிறது, நம்மையல்லவே என்று தாங்கள் நித்திரை செய்வது நியாயமே.

நித்திரை வராத என் தமக்கை நேற்று தானே ஒரு பரிகாரம் கண்டாள். என்னை இடம் காட்டச் சொல்லி, ஒவ்வொரு பொத்தானுக்கும் நேர் கீழே, பலகையின் விளிம்பில், கல் பதித்த ஒட்டுப்பொட்டுகளை வைத்தாள்: ஏற்ற ஒன்று, இறக்க இரண்டு, அணைக்க மூன்று. விளிம்பைத் தடவி எண்ணி நேரே மேலே விரலை வைத்தால் காரியம் முடிந்தது. இன்று காலை பால் பொங்கிவர, ஆவி படிந்து கண்ணாடி மங்கிய என் மனைவி, "அக்கா, இறக்குவதற்கு எத்தனை பொட்டு?" என்று கூவி, தடவிப் பார்த்துப் பாலைக் காப்பாற்றினாள். பார்வையுள்ளவளுக்குப் பார்வையில்லாதவள் செய்த அந்த உபகாரத்தால்தான் எனக்கு இன்று காப்பி கிடைத்தது.

ஆனால் பிற்பாடு தங்கள் உத்தரவாதப் புத்தகத்தைப் புரட்டியபோது, பலகையின்மேல் அந்நியப் பொருள் எதையும் ஒட்டினால் உத்தரவாதம் ரத்தாகும் என்று கண்டு திடுக்கிட்டேன். ஆகவே எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஓர் அட்டை கல் பொட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். தொழிற்சாலையிலேயே தாங்கள் ஒட்டி அனுப்பிவிட்டால் அது அந்நியப் பொருளாகாதல்லவா?

இப்படிக்கு,
உத்தரவாதம் இழந்த வாடிக்கைக்காரன்