ஸ்னோ கொட்டுது, உப்பு இருக்கோ?

எண்பதுகளின் கடைசியில் ரொறன்ரோவின் வெலஸ்லி – பார்லிமென்ட் சந்தியடி மாடிக்கட்டடங்களில், ஓர் அறைக்கு நாலைந்து பேராகப் பொடியள் நாங்கள் கிடந்த காலம். முதல் ஸ்னோ கொட்டினால் அன்றிரவு நித்திரை கிடையாது. ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவிவிட்டு நடுச்சாமம் திரும்பியவன்கூட ஈரச் சப்பாத்தோடு மறுபடி கீழே இறங்குவான். படம் எடுக்க வேண்டுமே! பார்வையான ஜாக்கெற் எங்களுக்குள் ஒன்றுதான் இருந்தது. அது ஆள் மாறி ஆள் மாறி எல்லாருடைய படத்திலும் வந்தது. சாய்ந்து நிற்க, தெருவில் நின்ற யாரோ ஒருவனின் கார். அந்தப் படத்தைக் காட்டி ஊரில் சீதனம் பேசியவர்களும் உண்டு. கார்க்காரனுக்குப் பங்கு கொடுத்ததாகத் தெரியவில்லை.

எங்களிடம் காரும் இல்லை, வீடும் இல்லை, வாசலும் இல்லை. ஸ்னோவை ரசிக்க வேறென்ன தகுதி வேண்டும்?

பிறகு 1999 தை மாதம் வந்தது. அந்த ஒரே மாதத்தில் நூறு சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். கனடாவின் மற்றப் பகுதிக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமெடுத்தது. ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி வந்து சேர்ந்த நகரத்துக்குள், மேயரே அழைத்துக் கவச வாகனம் வருகிறது! தொலைக்காட்சியில் அதைக் கண்ட அண்ணை ஒருவர் தன்னையறியாமல் சேர்ட் பொக்கெற்றைத் தடவினார். அடையாள அட்டை தேடிய கை. ஆமிக்காரன் இறங்கிச் சவலை எடுத்து ஸ்னோ வழிக்கத் தொடங்கியதும், “இவங்களை ஒருக்கா அங்கையும் அனுப்பிவிடலாம்” என்றார்.

இப்போது ஸ்காபரோவில் சொந்த வீடு. இரண்டு கார் பக்கம் பக்கமாக நிற்கும் வாசல். வாங்கியபோது அந்த அகலத்தை நானே ஊருக்கெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். முதல் ஸ்னோ என்றால் இன்று எனக்கு ரயர் ஞாபகம்தான் வருகிறது. வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே போனாலே கோடை ரயர் இறுகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஸ்னோ கொட்டிய அன்றுதான் முழு ஸ்காபரோவும் கராஜ் வாசலில் வரிசையில் நிற்கும். அடுத்தது உப்பு. ஆனையிறவு உப்பளம் இருந்த ஊர்ப்பக்கம் பிறந்தவன் நான். ஒரு கல்லு உப்புச் சிந்தினால் அம்மா திட்டுவா. இங்கே காசு கொடுத்து மூட்டையாக வாங்கி, சறுக்காமலிருக்க நிலத்தில் எறிகிறேன்.

விடிய எழும்பி, முதுகு பிடிக்கப் பிடிக்க வழித்து முடித்துத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தால், மாநகரசபையின் பெரிய வண்டி நீல விளக்கு மினுக்கிக்கொண்டு வரும். தெருவிலுள்ளதையெல்லாம் ஒதுக்கி, சரியாக என் வாசலின் வாயில் மதில் மாதிரிக் கட்டிவிட்டுப் போகும். வாசல் அகலமல்லவா, மதிலும் நீளம். மகன் யன்னலால் எட்டிப் பார்த்து, பள்ளிக்கூட பஸ் ஓடுமா என்று மட்டும் கேட்டான். ஓடாதாம். திரும்பப் படுத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவின் வாட்ஸப் அழைப்பு. ரொறன்ரோவில் எத்தனை சென்ரிமீற்றர் என்பது எனக்கு முதலே அவவுக்குத் தெரியும்.

“தம்பி, வாசலைக் காட்டு பாப்பம்.”

போனைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தா.

“ஐயோ ராசா, வெள்ளை வெளேரெண்டு வடிவாக் கிடந்திருக்குமே! ஏன் போய் வழிச்சனீ?”