மரை கழண்ட கேள்விகள்

கே: ஹேண்டில்பாரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டை முடுக்கினேன். தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. அவ்வளவு பலசாலியா நான்? (வாசகர், மர்பி டவுன், பெங்களூரு)

ப: பலம் ஸ்பேனருடையது, நீங்கள் பெருமைப்பட வேண்டாம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் மாட்டுகிற 6 மில்லி போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 10 நியூட்டன் மீட்டர். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ எடை தொங்கினால் அதற்குச் சரியாகப் போயிற்று. நீங்கள் அரிசி மூட்டையையே தொங்கவிட்டிருக்கிறீர்கள். முறுக்கு மீசைக்கு அழகு, சின்ன போல்ட்டுக்கு ஆகாது.

கே: அப்போ கொஞ்சம் லூசாக விட்டால்? 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று போய்விடலாமே? (அல்சூர்)

ப: அது பஸ் சீட்டுக்குச் சரி. போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி. முடுக்கும்போது மயிரிழை நீள்கிறது, சுருங்கப் பார்க்கிறது, அந்த இழுப்பில்தான் பிடிக்கிறது. நீளாவிட்டால் வண்டி அதிர அதிரத் தானே கழலும். அளவுக்கு மேல் நீண்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. காலிப்பர் போல அலுமினியத்தில் ஏறும் போல்ட்டாக இருந்தால் மரையும் கூடவே போகும்.

கே: எண்ணெய் தடவி முடுக்கினால் நல்லதுதானே?

ப: நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கை உராய்வு சாப்பிடுகிறது. எண்ணெய் போட்டால் அது பட்டினி கிடக்கும். மிச்சமெல்லாம் போல்ட்டை இழுக்கும். வண்டியின் புத்தகம் சொல்லாத இடத்தில் எண்ணெய் வேண்டாம். டிஸ்க் பக்கம் எண்ணெய்க் கையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கே: மர்பி டவுனில் இருப்பதால்தான், கெடக்கூடியது கெட்டே தீரும் என்கிற மர்பி விதி என் வண்டியைப் பிடித்து ஆட்டுகிறதா?

ப: அவர் வேறு மர்பி. உங்கள் பேட்டைக்குப் பெயர் தந்தவர் கண்டோன்மென்ட் காலத்து எஞ்சினியர். விதிக்காரர் எட்வர்ட் மர்பி, அமெரிக்க விமானப்படையின் எஞ்சினியர். 1949இல் ராக்கெட் வண்டிச் சோதனை ஒன்றில் அளவுக் கருவிகளைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். ஓட்டம் முடிந்து பார்த்தால் அளவே பதிவாகவில்லை. விதி பிறந்தது அந்தக் கடுப்பில். அதனால் கழற்றும்போதே போல்ட்டுகளை வரிசையாக ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையானதன் ஓட்டையில் செருகுவதற்கு ராக்கெட்டெல்லாம் தேவையில்லை.

கே: முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கணுமா?

ப: வாங்கலாம். வீல் நட்டுக்கான பெரிய ரெஞ்ச் இங்கே உதவாது, சின்ன எண்களில் அதற்குக் கண் தெரியாது. 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டுவது போதும். 'டிக்' என்றதும் நிறுத்துங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு இழு இழுக்கிறவருக்குக் கைத்தடியே போதும், காசு மிச்சம்.

கே: புது பேட் மாட்டி, எல்லாம் முடுக்கியாச்சு. கிளம்பலாமா?

ப: பிரேக் லிவரை அழுத்துங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்களே, முதல் அழுத்தில் லிவர் கைப்பிடி வரை சொத்தென்று போகும். கெட்டியாகிறவரை அழுத்துங்கள். அதுவரை கேட்டைத் திறக்க வேண்டாம்.