ரொட்டி உபாசகர்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சிலர் உபந்நியாசம் கேட்கப் போகிறார்கள். சிலர் திண்ணையில் அமர்ந்து தேச நிலைமையைப் பற்றித் தீர்ப்பளிக்கிறார்கள். இவ்விரண்டிலும் மனம் பற்றாத ஒரு வர்க்கம், வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பிய காணொளி ஒன்றைக் கண்ட மாத்திரத்தில், மாவைப் புளிக்கவைத்து ரொட்டி சுடுவதே மிச்சமுள்ள ஆயுளின் லட்சியம் என்று சங்கற்பம் செய்துகொள்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உலகமெங்கும் முளைத்த இந்த வர்க்கத்தாரில் பெரும்பாலோர், ஊரடங்கு தளர்ந்ததும் தெளிந்து பழையபடி கடைரொட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். விருத்தாசலத்தில் வசிக்கும் நம் அன்பர் மட்டும் தெளியவில்லை.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன்களோடு காலம் கழித்த அவருக்கு இப்போது வாய்த்திருப்பது, சமையலறை மேடையில் முழங்கை நீளத்துக்கு மேற்படாத ஒரு மின்சார ஓவனும், ஒரு புட்டியும். பாக்கெட் ஈஸ்டின் பெயரை அவர் வீட்டில் உச்சரிக்கலாகாது. கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து, மாவோடு கூடவே வரும் ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் தாமே பெருகும்படி, தினந்தோறும் பெரும்பகுதியைக் கழித்து, மிஞ்சியதற்குப் புது மாவும் நீரும் ஊட்டி அவர் வளர்த்துவரும் அந்த ஸ்டார்ட்டருக்கு நேரந்தவறாமல் ஆகாரம் நடக்கிறது. அவருடைய சொந்த ஆகாரம்தான் ஒன்பது மணியும் ஆகலாம், பத்தும் ஆகலாம். நெய்வேலிக் களிமண்ணை நம்பிப் பிறந்த செராமிக் தொழிற்பேட்டையில் அகலும் பொம்மையும் ஃபியூஸ் கட்டையுமாகச் சூளை ஓயாத ஊரில் இருந்துகொண்டு, மாவு எவ்வளவு உயர்ந்தது என்று கண்ணால் பார்த்தாக வேண்டுமென்பதற்காக அவர் கையாள்வது பழைய ஹார்லிக்ஸ் புட்டி. அதன் இடுப்பில் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம்.

பீங்கானை அவர் அடியோடு புறக்கணித்தார் என்றும் சொல்வதற்கில்லை. ரொட்டி சுடும்போது நீராவி வெளியேறாதிருக்க, மூடியோடு கூடிய சட்டி ஒன்று செய்துதர வேண்டுமென்று தொழிற்பேட்டைக்குப் போய்க் கேட்டபோது, அங்கிருந்த சூளைக்காரர், "நாங்க சுடறதே 1200 டிகிரிக்கு மேல சார், உங்க 230 அதுக்கு ஒரு சூடே இல்ல. ஆனா வெறுஞ்சட்டியப் பழுக்கக் காயவச்சு அதுல ஜில்லுனு மாவப் போட்டீங்கன்னா ரெண்டாப் பொளந்துக்கும்" என்று பணிவாகத்தான் சொன்னார். நீராவி விஷயத்தில் தமக்கொருவர் புத்தி சொல்வதா என்று அன்பர், முதல் இருபது நிமிஷமேனும் ரொட்டியின் மேற்பரப்பு ஈரத்தோடு இருந்தால்தான் அது தடையின்றி உப்பும் என்ற தத்துவத்தைக் கொதிகலனிலிருந்து ஆரம்பித்து விஸ்தாரமாக எடுத்துரைத்து முடிப்பதற்குள், அந்த மனிதர் ஒரு பலகை அகலுக்குக் கிளேஸ் கொடுத்து முடித்துவிட்டு, வார்ப்பிரும்புச் சட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சொல்லியனுப்பினார்.

சித்திரை வைகாசி மாதங்கள் அவருக்குச் சோதனைக் காலம். 25 டிகிரியில் நிதானமாகப் பொங்கவேண்டிய மாவு, 40 டிகிரியைத் தொடும் விருத்தாசலத்து வெயிலில், அவர் மத்தியானம் கண்ணயர்ந்து எழுவதற்குள் பொங்கித் தணிந்து காடியாகிவிடுகிறது. அமிலம் மிஞ்சிப்போய், மாவைக் கட்டி நிறுத்தும் பசையம் அறுந்து, கோபுரமாக எழவேண்டிய ரொட்டி தாம்பாளமாக வெளிவருகிறது. அன்றைய தினம் அதற்கு ஃபோகாச்சியா என்று நாமகரணம் ஆகிவிடும். இட்லி மாவை எந்தத் தராசும் வெப்பமானியும் இல்லாமல் இரவு கரைத்து விடியலில் பொங்கவைக்கும் அவருடைய மனைவியார் இதைப் பற்றி யாதொரு விமரிசனமும் செய்வதில்லை. "ஏங்க, கழிக்கிற மாவக் கொட்டிடாதீங்க, தோசையில ஊத்திக்கறேன்" என்பதோடு சரி.

சுந்தரமூர்த்தி நாயனார் விருத்தாசலத்து இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பதும், இடுமுன் மாற்றறிய ஒரு துணுக்கை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார் என்பதும் புராணப் பிரசித்தம். நம் அன்பரும் அம்மரபில் வழுவாதவராய், ஸ்டார்ட்டரில் ஒரு கரண்டியைக் காகிதத்தில் தடவி உலர்த்திச் செதிலாக உடைத்து, பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கும் காப்பீட்டுப் பத்திரத்துக்கும் நடுவே பத்திரப்படுத்தியிருக்கிறார். 1971-இல் ஸான்பிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவுக்கு விஞ்ஞானிகள் அந்நகரின் பெயரையே இட்டதையும், நம்மூர் ஆராய்ச்சி நிலையத்தின் முந்திரி ரகங்கள் வி.ஆர்.ஐ. என்ற முத்திரையோடு உலவுவதையும் ஒருசேர நினைக்குந்தோறும், தம் புட்டிக்குள் இருப்பதற்கும் அத்தகைய கௌரவம் வரத்தான் போகிறது என்பது அவர் நம்பிக்கை. நான்கு கண்டங்களிலிருந்து 500 ஸ்டார்ட்டர்களைத் திரட்டிப் பரிசோதித்தவர்கள், உள்ளே குடியிருக்கும் ஜீவராசிகளுக்கும் ஊருக்கும் சம்பந்தம் சொற்பம் என்று 2021-இல் அறிவித்ததை ஒருவர் பிரஸ்தாபித்தபோது, "என் புட்டியைக் கேட்டு ஒருத்தரும் வரலையே" என்று ஒரே வாக்கியத்தில் அந்த ஆராய்ச்சியைத் தள்ளுபடி செய்தார்.

அவர் வீட்டுக்குப் போகிறவர் பசியோடு போகலாகாது. ஓவனிலிருந்து இறங்கிய ரொட்டி ஆறும்வரை, அதாவது உள்ளே குழைவாக இருப்பது இறுகும்வரை, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். பிறகு ரம்பம் போன்ற கத்தியால் அறுத்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துவாரங்களைத் தரிசித்தாக வேண்டும். தேங்காய்ச் சட்னியை அதன்மேல் வைத்தால் துவாரம் வழியாக வேட்டியில் இறங்கும். பல்செட் கட்டிய பெரியவர்கள் மேலோட்டை மரியாதையாகத் தட்டில் ஒதுக்கிவிட்டு, பாண்டிச்சேரி ரொட்டியின் மிருதுத் தன்மையைப் பற்றி ஜாடையாகப் பேசுவதுண்டு.

விடைபெறும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு புட்டி ஸ்டார்ட்டரும், இரண்டு பக்கம் பராமரிப்புக் குறிப்பும் ஏறும். அடுத்த வீட்டம்மாள் அதை அன்று மாலையே அடைமாவில் கலந்துவிட்டார், ஆனால் மறுநாள் முதல் வேலியோரம் நின்று "எப்படி இருக்கு?" என்று கவலையோடு விசாரிக்கும் மனிதரிடம் உண்மையைச் சொல்ல மனம் வராமல், "நல்லாப் பொங்குதுங்க சார்" என்றே சொல்லிவந்தார். ஒருநாள் நேரில் வந்து பார்ப்பதாக அன்பர் அறிவிக்கவே, அந்த வீட்டில் அவசரம் அவசரமாகக் கோதுமை மாவு கரைத்து, ஒரு கரண்டி பழைய இட்லி மாவும் சேர்த்துப் புட்டியில் ஊற்றப்பட்டது. அன்பர் வந்தார், மூடியைத் திறந்தார், கண்ணை மூடி முகர்ந்தார்.

"சந்தேகமே இல்லைம்மா. நம்ம வம்சந்தான்."