ஊரான் பிள்ளை அதிகாரி

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கிலாந்தில் இதற்குச் சம்பளம் கொடுத்தே ஆள் வைத்திருக்கிறார்கள். பெரிய உள்ளாட்சிக் கவுன்சில் ஒவ்வொன்றிலும் ஒருவர். பதவியின் பெயர் குழந்தைகள் சேவை இயக்குநர். பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளை, வீட்டில் அடிபடும் பிள்ளை, கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் பிள்ளை, இன்னும் பிறக்காமல் கோப்பில் மட்டும் இருக்கும் பிள்ளை என எல்லாப் பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் இவர். இவருடைய சொந்தப் பிள்ளை தானே வளர்வது என்னவோ உண்மைதான். இவர் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வரும்போது, அது வளர்ந்த களைப்பில் தூங்கிப் போயிருக்கும்.

இவரைப் பிடித்துவரும் வைபவமே தனி. ஆளெடுப்பு நிறுவனம் ஒன்று கல்யாணத் தரகர் வேலை பார்க்கும். கவுன்சிலின் அழகைச் சொல்லப் பளபளப்பாக ஒரு கையேடு: ஆறு, பழைய தேவாலயம், அரை மணி நேரத்தில் கடற்கரை. ஆய்வுத் துறையான ஆஃப்ஸ்டெட் போன முறை ‘போதாது’ என்று தரம் போட்ட சேதி, மாப்பிள்ளைக்குக் காது லேசாக மந்தம் என்பதைப் போல, ‘மேம்பாட்டுப் பாதையில் நடைபோடுகிறோம்’ என்று எட்டாம் பக்கத்தில் தலைகாட்டும்.

நேர்காணலில் கவுன்சிலர்கள் ‘உங்கள் தொலைநோக்கு என்ன?’ என்று கேட்பார்கள். அதற்கு இவர் தூக்கத்திலும் பதில் சொல்வார். கண்டம் அடுத்த அறையில் இருக்கிறது. பல கவுன்சில்களில் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளே ஒரு குழுவாக உட்கார்ந்து இயக்குநரைக் கேள்வி கேட்பது வழக்கம். எதிரே பீட்சா பெட்டி, கையில் கேள்வித்தாள்.

“எனக்கு இந்த வருஷம் மூணு சோஷியல் வொர்க்கர் மாறிட்டாங்க. நீங்க எவ்வளவு நாள் இருப்பீங்க?”

“நீண்டகாலக் கண்ணோட்டத்தோடுதான் வருகிறேன்.”

“அது எத்தனை மாசம்?”

முப்பது வருட அனுபவம் இந்த இடத்தில்தான் தண்ணீர் குடிக்கும்.

பதவி பிறந்த கதையில் சிரிப்பு இல்லை. 2000-இல் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, வளர்த்தவர்களின் சித்திரவதையால் இறந்தாள். சமூகப் பணியாளர், போலீஸ், மருத்துவமனை என எல்லோரும் அவளைப் பார்த்திருந்தார்கள், யாரும் காப்பாற்றவில்லை. 2003-இல் லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை வந்தது. 2004-இன் குழந்தைகள் சட்டம், அதுவரை தனித்தனியாக இருந்த கல்வியையும் குழந்தைகள் நலனையும் ஒரே தலையில் ஏற்றியது.

தலை ஒன்றுதான் என்றாலும் அது ஏதாவது ஒரு பக்கமிருந்துதான் வந்தாக வேண்டும். ஆசிரியராக இருந்து உயர்ந்தவர், பாதுகாப்பு வழக்குக் கோப்பைப் பார்த்தாலும் கை தன்னால் சிவப்புப் பேனாவைத் தேடும். சமூகப் பணியிலிருந்து வந்தவர் தலைமை ஆசிரியர்கள் கூட்டத்துக்குப் போனால், முதலில் எல்லோருடைய மனநிலையையும் விசாரிப்பார். தலைமை ஆசிரியர்கள் பணம் எப்போது வரும் என்று விசாரிப்பார்கள்.

பொறுப்பு இவ்வளவு. அதிகாரம்? உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று அகாடமிகள். கவுன்சிலின் கையில் இல்லை. ஆனால் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும் சட்டக் கடமை மட்டும் கவுன்சிலிடமே தங்கிவிட்டது. பந்தி விசாரிக்கிறவர் இவர், சமையல்கட்டுச் சாவி வேறொருவரிடம். ஆண்டுதோறும் மார்ச் 1-ஆம் தேதி, அது விடுமுறையானால் அடுத்த வேலை நாளில், உயர்நிலைப் பள்ளி இடங்கள் அறிவிக்கப்படும். கேட்ட பள்ளி கிடைக்காத வீடுகளில் அன்று திட்டு வாங்குவது ‘கவுன்சில்’தான்.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கதை இதைவிட விசேஷம். ஒரு பிள்ளைக்கான உதவித் திட்டத்தை 20 வாரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பது விதி. 2024-இல் புதிதாக எழுதியவற்றில் பாதிகூட அந்தக் கெடுவுக்குள் முடியவில்லை. பெற்றோர் தீர்ப்பாயம் போகிறார்கள். தீர்ப்புவரை போன வழக்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் அவர்களே ஜெயிக்கிறார்கள். சிறப்புத் தேவைக்கான செலவில் விழுந்த பள்ளத்தைக் கவுன்சிலின் வரவுசெலவுக் கணக்கில் சேர்க்காமல் ஓரமாக ஒதுக்கி வைக்க 2020-இல் அரசே விதி செய்து கொடுத்தது. ஒதுக்கி வைத்த கடன் ஓரத்தில் சும்மா இருக்குமா? அது குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. இயக்குநர் அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

திரும்பித்தான் ஆக வேண்டியது திங்கட்கிழமை காலைத் தொலைபேசிக்கு. ஆஃப்ஸ்டெட் வருகிறது என்ற தகவல் அப்போதுதான் வரும். மணி அடித்ததும் மாடி முழுக்க அடங்கிவிடும். பல் மருத்துவமனையிலிருந்து நேரம் சொல்ல அழைத்திருந்தால், பல் பிடுங்குவதில் இவ்வளவு சந்தோஷமா என்று அவர்கள் குழம்பும் அளவுக்கு இயக்குநர் குழைவார்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2008 டிசம்பரில், லண்டனின் ஹாரிங்கே கவுன்சில் பகுதியில் ஒரு குழந்தை இறந்த விவகாரத்தில், அமைச்சர் எட் பால்ஸ் இயக்குநர் ஷாரன் ஷூஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்குவதாகப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அறிவித்தார். நீக்கிய முறை சட்டப்படி தவறு என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை இயக்குநர்கள் எல்லோரும் மெச்சினார்கள். மறக்காமல் மனத்தில் வைத்திருப்பது அறிவிப்பைத்தான்.

அதனால் கெட்டிக்கார இயக்குநர்கள் சிலர் நிரந்தர நாற்காலியே வேண்டாம் என்று இடைக்கால இயக்குநர்களாகத் திரிகிறார்கள். ஆறு மாதம் இங்கே, ஒன்பது மாதம் அங்கே. ஒரு சக்கரப் பெட்டி, நான்கைந்து கவுன்சில்களின் அடையாள அட்டை. போகும் இடமெல்லாம் முதல் வாரத்தில் துறையைத் திருத்தியமைக்கும் வரைபடம் ஒன்று வரைவார்கள். கட்டங்களுக்குள் பெயர் நிரப்ப அடுத்தவர் வருவார். அவர் வேறு கட்டம் போடுவார்.

ஆளில்லாமல் இருக்கச் சட்டம் இடம் தராத பதவி இது. ஆகவே இடைக்காலத்தாருக்கு வேலை போகாது. அந்தப் பீட்சா அறைப் பிள்ளை கேட்ட ‘எத்தனை மாசம்’ என்ற கேள்விதான் இந்தப் பதவிக்குச் சரியான நேர்காணல். கவுன்சிலர்கள் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.